கிட்டைப் பிரிக்கும் முன்: மாதிரி விமானம் பற்றிய வாசகர் கேள்விகள்

ரிமோட்டினால் இயங்கும் மாதிரி விமானங்களைப் பற்றிச் சென்ற இதழில் இந்தப் பகுதியில் எழுதிய சிறு பதிலைத் தொடர்ந்து, கொழும்பின் பல பகுதிகளிலிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. பெரும்பாலானவை முதன்முதலாக ஒரு கிட்டை, அதாவது விமானத்தை ஒட்டிக் கட்டுவதற்கான துண்டுகள் அடங்கிய பெட்டியை, வாங்கி ஒட்டத் தொடங்கியவர்கள் எழுதியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருப்பதால், அவற்றுள் எட்டைத் தெரிந்தெடுத்து இந்த இதழின் பக்கங்களை முழுமையாக அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் மகன் சாதாரண தரப் பரீட்சையை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறான். கனடாவிலிருந்து வந்த அவனுடைய மாமா, பல்சா மரத் துண்டுகள் நிறைந்த ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். பெட்டியின் மேல் இரண்டாம் உலகப் போர்க்காலப் போர் விமானம் ஒன்றின் படம் இருக்கிறது. உள்ளே மோட்டாரும் இல்லை, ரிமோட்டும் இல்லை. எங்கள் இருவருக்கும் இதில் அனுபவம் கிடையாது. எங்கிருந்து தொடங்க வேண்டும்?
— ஒரு தந்தை, கொட்டாஞ்சேனை

பதில்: அந்தப் பெட்டியை மூடி அலுமாரியின் மேல் பத்திரமாக வையுங்கள். மாமாவின் அன்பைக் குறைத்துச் சொல்லவில்லை. அது உங்கள் மகன் மூன்றாவதாகக் கட்ட வேண்டிய விமானம், முதலாவதாக அல்ல. அக்காலப் போர் விமானங்களில் பெரும்பாலானவற்றின் சிறகு உடலின் கீழ்ப்புறத்தில் பொருத்தப்பட்டிருக்கும். அவற்றின் மாதிரிகளுக்கு எடையோடு ஒப்பிடும்போது சிறகின் பரப்பு குறைவு. ஆகவே அவை வேகமாகப் பறந்தால்தான் காற்றில் நிற்கும், கையிலிருக்கும் ரிமோட்டின் குச்சியை விட்டுவிட்டால் தாமாகச் சமநிலைக்குத் திரும்பவும் மாட்டா. புதியவருக்குத் தேவையானது இதற்கு நேரெதிரான ஒன்று.

சிறகு உடலின் மேல் அமர்ந்திருக்க வேண்டும். அதன் இரு பாதிகளும் நடுவிலிருந்து நுனியை நோக்கிச் சற்றே மேல்நோக்கி உயர்ந்து, முன்னிருந்து பார்த்தால் மிக விரிந்த ஒரு 'வி' வடிவில் தெரிய வேண்டும். காற்று ஒரு பக்கம் சாய்த்தாலும் விமானம் தானே நிமிர்வதற்கு இந்த வடிவமே முக்கிய காரணம். இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1871இல் அல்போன்ஸ் பெனோ என்ற பிரெஞ்சு இளைஞர், முறுக்கிய இறப்பரால் சுழலும் ஒரு சிறு மாதிரி விமானத்தைப் பாரிஸ் நகரத் தோட்டமொன்றில் பறக்கவிட்டார். நுனி உயர்ந்த சிறகும் பின்னால் ஒரு வாலும் இருந்ததால், ஓட்ட எவருமின்றியே அது 11 வினாடிகள் நிலையாகப் பறந்தது. அந்த இரண்டு அம்சங்களையும் இன்றைய பயிற்சி மாதிரிகள் ஒவ்வொன்றிலும் காணலாம்.

வாங்கும்போது பெட்டியில் அச்சிட்டுள்ள இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று சிறகின் பரப்பு, மற்றது பறக்கும் நிலையில் மொத்த எடை. 1200 மில்லிமீற்றர் நீளமும் 200 மில்லிமீற்றர் அகலமும் கொண்ட சிறகின் பரப்பு 24 சதுர தெசிமீற்றர். விமானத்தின் எடை 900 கிராம் என்றால், ஒரு சதுர தெசிமீற்றருக்கு ஏறத்தாழ 37 கிராம் சுமை. இது பயிற்சி விமானத்துக்கு நல்ல அளவு. இதே சிறகு 1400 கிராமைத் தூக்கவேண்டி வந்தால் 58 கிராம் ஆகிவிடும். அது பறக்கும், ஆனால் தரையிறங்கும் வேகம் உங்கள் மகனின் விரல்களின் வேகத்தை மிஞ்சிவிடும்.

கிட் என்றால் மரமும் வரைபடமும் மட்டுமே என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். மோட்டார், அதன் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, விமானத்தைத் திருப்பும் அசையும் பலகைகளான சுக்கான்களை அசைக்கும் சர்வோக்கள் என்ற சிறு மோட்டார்கள், ரிமோட், அதன் அலையைப் பெறும் ரிசீவர், பற்றரி, சார்ஜர், மேலே ஒட்டும் பிளாஸ்ரிக் படலம் ஆகிய அனைத்தையும் தனியாக வாங்க வேண்டும். அவற்றின் மொத்த விலை மரத்தின் விலையைவிடப் பல மடங்கு வரும். மாலைகளில் இரண்டு மணிநேரம் உட்கார்ந்தால் ஒரு மாதத்துக்கு மேலாகும் வேலை இது. பறக்கப் பழகுவது மட்டுமே நோக்கமென்றால், நுரைப்பொருளால் செய்து முடித்து விற்கப்படும் விமானமே மலிவும் உறுதியும் ஆகும். என்னைக் கேட்டால், மகன் மரத்தை ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த ஒரு மாதத்தில் கணினியிலுள்ள பறத்தல் பயிற்சி மென்பொருளில் நாள்தோறும் அரை மணிநேரம் ஓட்டிப் பழகட்டும் என்பேன். அதில் விழுந்தால் உடைவது எதுவுமில்லை.

கேள்வி: வரைபடத்தின்படி எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சிறகை ஒட்டினேன். எடுத்துப் பார்த்தால் இடது சிறகு நுனியில் முறுக்கியிருக்கிறது. எல்லா இடத்திலும் உடனடியாக ஒட்டும் சூப்பர் பசையையே பயன்படுத்தினேன். பசையில் தவறா, மரத்தில் தவறா?
— ஆசிரியை ஒருவர், வெள்ளவத்தை

பதில்: பெரும்பாலும் மேசையில் தவறு. இந்தக் கலையில் எத்தனையோ விடயங்களைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். வளைந்த பலகையின் மேல் கட்டிய சிறகை மட்டும் முழுமையாகத் திருத்துவது கடினம், ஏனெனில் வளைவு ஒவ்வொரு மூட்டிலும் பசையாக இறுகிவிடுகிறது. சாப்பாட்டு மேசைகள் கண்ணுக்குத் தட்டையாகத் தோன்றினாலும், ஒரு நீண்ட இரும்பு மட்டத்தை நிமிர்த்தி வைத்து மறுபுறம் விளக்கைப் பிடித்தால் அடியில் வெளிச்சம் கசிவதைக் காண்பீர்கள். அறிவித்தல் பலகைக்குப் பயன்படும் மென்மையான பலகைத் துண்டொன்றைப் புதிய தட்டைக் கதவு போன்ற நம்பகமான தளத்தின் மேல் வையுங்கள். அதன் மேல் வரைபடத்தை விரித்து, அதற்கும் மேல் சமையலறையில் உணவை மூடும் மெல்லிய பிளாஸ்ரிக் தாளை இழுத்து ஒட்டுங்கள். இல்லாவிட்டால் வரைபடமும் சிறகும் ஒன்றாகிவிடும். பிறகு ஊசிகளால் மரத்தை அதன் இடத்தில் நிறுத்தி, பசையின்றி எல்லாத் துண்டுகளையும் ஒருமுறை பொருத்திப் பார்த்த பின்னரே பசைப் போத்தலைத் திறக்க வேண்டும்.

பசையைப் பற்றி நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. சூப்பர் பசை காற்றிலும் மரத்திலும் உள்ள ஈரத்தினால் இறுகுகிறது. கொழும்பின் ஈரக் காற்றில் அது இன்னும் விரைவாகப் பிடித்துக்கொள்ளும் என்பதால், துண்டு சற்றே விலகியிருந்தாலும் சரிசெய்ய உங்களுக்கு நேரம் தராது. அதே காரணத்தால் திறந்து வைத்த போத்தலும் சில வாரங்களில் கெட்டியாகிவிடும். சிறகுக்கு வடிவம் தரும் விலாச் சட்டங்களை, நுனிவரை ஓடும் நீளச் சட்டத்தோடு இணைக்குமிடங்களில் தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையே சிறந்தது என்பது என் கருத்து. அது மெதுவாகக் காய்வதால் ஒவ்வொன்றையும் செங்கோணத்தில் நிறுத்தலாம். காய்ந்த பின் உப்புத்தாளால் தேய்ப்பதும் பரவாயில்லை. இரு சிறகுப் பாதிகளும் சேரும் நடு மூட்டுக்கும் மோட்டார் பொருத்தும் முன்பலகைக்கும் இரு குழாய்களிலிருந்து கலந்து பூசும் எபொக்சிப் பசை வேண்டும். அவசரக்காரர்களுக்கு 5 நிமிட எபொக்சி, பொறுமைசாலிகளுக்கு 30 நிமிட எபொக்சி; நடு மூட்டுக்கு நான் எப்போதும் 30 நிமிடத்தையே பயன்படுத்துகிறேன். எந்தப் பசையாயினும் இரவு முழுவதும் ஊசியைக் கழற்றாமல் விடுங்கள்.

ஓர் எச்சரிக்கையையும் சொல்லவேண்டும். சிந்திய சூப்பர் பசையைப் பஞ்சினாலோ பருத்தித் துணியினாலோ துடைக்கக் கூடாது. பருத்தியோடு அது வினைபுரிந்து விரலைச் சுடுமளவு வெப்பத்தை உண்டாக்கும். யன்னலைத் திறந்து வைத்து, கண்ணாடி அணிந்து வேலை செய்யுங்கள்.

இனி, முறுக்கிய சிறகை என்ன செய்வது? சிறகின் நுனியில் பின்விளிம்பு கீழே இறங்கியிருந்தால் அந்தப் பக்கம் மிகையாக உயரும், விமானம் மறுபக்கம் சாயும்; அதுவே வேகம் குறைந்து தரையிறங்க வரும்போது, அந்த நுனி முதலில் ஏந்துவலுவை (மேலே தூக்கும் விசையை) இழந்து அதே பக்கமாகக் கவிழும். அதாவது, பறக்கும்போது ஒரு பக்கமும் இறங்கும்போது மறுபக்கமும் இழுக்கும் ஒரு விமானம் கிடைக்கும். நீங்கள் இன்னும் படலம் ஒட்டவில்லை என்பது நல்லது. சூட்டில் சுருங்கும் படலத்தைச் சிறு இஸ்திரிப்பெட்டியால் ஒட்டி முடித்த பின், சிறகை எதிர்ப்பக்கமாகச் சற்று மிகையாகவே முறுக்கிப் பிடித்துக்கொண்டு படலத்தின் மேலும் கீழும் மீண்டும் சூடு காட்டி, குளிரும்வரை பிடியை விடாதிருந்தால் சிறிய முறுக்கு சரியாகும். அரை விரற்கடைக்கு மேல் முறுக்கியிருந்தால், மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு அந்தப் பாதியைப் பிரித்து மீண்டும் ஒட்டுங்கள். படலம் ஒட்டிய சிறகை மதிய வெயிலில் பூட்டிய வாகனத்துக்குள் விட்டுவிட்டால், திருத்திய முறுக்கும் மீண்டும் வந்துவிடும்.

கேள்வி: பல்சாவுக்குப் பதிலாக இங்கு கிடைக்கும் வேறு மெல்லிய மரத்தையோ மூங்கிலையோ பயன்படுத்தலாமா?
— மாணவர் ஒருவர், மட்டக்குளி

பதில்: சிறகின் விலாச் சட்டங்களுக்குக் கூடாது. பல்சா தென் அமெரிக்காவைச் சேர்ந்த மரம். உலகுக்கு அதைப் பெருமளவில் அனுப்பும் நாடு எக்குவடோர். நகத்தால் கீறினாலே தடம் பதியும் இந்த மரத்தைத் தாவரவியலார் வன்மரங்களோடு சேர்த்து வகைப்படுத்துகிறார்கள் என்பது ஒரு வேடிக்கை. அதன் அடர்த்தி தகட்டுக்குத் தகடு மாறும்: 3 மில்லிமீற்றர் தடிப்பும் 100 மில்லிமீற்றர் அகலமும் ஒரு மீற்றர் நீளமும் உள்ள தகடு, ஒரு கடையில் 30 கிராமும் இன்னொன்றில் 60 கிராமும் இருக்கக்கூடும். பாரமானதை நீளச் சட்டத்துக்கும் இலேசானதை வாலுக்கும் ஒதுக்குங்கள். மூங்கில் பட்டத்துக்கு உகந்தது. மாதிரி விமானத்தில் சிறகைக் கட்டும் இறப்பர் வளையங்களை மாட்டுகின்ற குச்சிக்கு அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

கேள்வி: புறக்கோட்டையில் ஒரு கடையில் மூன்று செல் லித்தியம் பொலிமர் பற்றரியும் ஒரு மோட்டாரும் வாங்கினேன். பற்றரி இரண்டு மாதத்தில் வீங்கிவிட்டது. மோட்டாரும் சூடாகிறது. பெரிய விசிறி (மூக்கில் சுழலும் புரொப்பெல்லர்) போட்டால் வேகம் கூடும் என்று நண்பர் சொன்னதால் அதையும் மாற்றினேன்.
— பம்பலப்பிட்டி வாசகர்

பதில்: விசிறியை மாற்றியதுதான் மோட்டாரின் சூட்டுக்குக் காரணமாக இருக்கும். விசிறியின் விட்டம் சற்றுக் கூடினாலும் மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் மிக அதிகமாகக் கூடும். பயிற்சி விமானத்துக்கு ஒரு கிலோ எடைக்கு 200 முதல் 250 வாற் போதும். உங்கள் விமானம் 900 கிராம் என்று கொண்டால் ஏறத்தாழ 200 வாற். மூன்று செல் பற்றரியின் பெயரளவு 11.1 வோல்ற்றில் இது 18 அம்பியர். அதற்கு 30 அம்பியர் தாங்கும் கட்டுப்பாட்டுக் கருவி போதுமான இடைவெளியைத் தரும். மோட்டாரோடு வந்த தாளில் குறிப்பிட்ட விசிறியையே மீண்டும் பொருத்துங்கள்.

பற்றரிக்கு வருவோம். ஒவ்வொரு செல்லும் முழுமையாகச் சார்ஜ் ஆனால் 4.2 வோல்ற், மூன்றுக்கும் சேர்த்து 12.6. எந்தச் செல்லும் 3.3 வோல்ற்றுக்குக் கீழே இறங்க விடக்கூடாது. இறங்கினால் உள்ளே நிரந்தரமான கேடு தொடங்கும், வீக்கம் அதன் அடையாளம். நீங்கள் குறிப்பிடாவிட்டாலும், பறந்து முடித்த பற்றரியையோ முழுமையாகச் சார்ஜ் செய்த பற்றரியையோ வாரக்கணக்கில் அப்படியே வைத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். இந்தத் தவறைச் செய்யாத புதியவரை நான் கண்டதில்லை. அடுத்த ஞாயிறு பறக்கப் போவதில்லையென்றால் செல் ஒன்றுக்கு 3.8 வோல்ற் அளவில் வைத்துவிடுங்கள். 2200 மில்லி அம்பியர்-மணி பற்றரியை 2.2 அம்பியருக்கு மேல் சார்ஜ் செய்ய வேண்டாம். செல்களைத் தனித்தனியாகச் சமன்படுத்தும் சார்ஜரையே பயன்படுத்துங்கள். சார்ஜ் ஆகும்போது வீட்டை விட்டுப் போகவோ தூங்கவோ கூடாது. தொடர்மாடி வீடுகளில் வசிப்போர் இதை மிகக் கவனமாகக் கொள்ள வேண்டும்: பற்றரியை ஓட்டுத் தரையில், திரைச்சீலைக்கும் மெத்தைக்கும் எட்டாத இடத்தில், ஒரு மண்சட்டிக்குள் வைத்துச் சார்ஜ் செய்யுங்கள். வீங்கிய பற்றரியை இனி ஒருபோதும் சார்ஜ் செய்யாதீர்கள், குத்திப் பார்க்காதீர்கள், குப்பைக் கூடையிலும் போடாதீர்கள். வெளியில் மணல் நிரப்பிய சட்டியில் வைத்து, இலத்திரனியல் கழிவுகளைச் சேகரிக்க மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்றவர்களிடம் ஒப்படையுங்கள்.

வெளிநாட்டு உறவினரிடம் புதிய பற்றரி கொண்டுவரச் சொல்லும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: உதிரி லித்தியம் பற்றரிகளை விமானத்தில் கைப்பையில் மட்டுமே கொண்டுவரலாம், சரக்காக ஏற்றும் பெட்டியில் வைக்கக் கூடாது.

கேள்வி: என் விமானத்தைக் கையால் எறிந்தவுடன் மூக்கை மேலே தூக்கி, ஒரு கணம் நின்று, பிறகு தலைகீழாக விழுகிறது. மூன்று தடவை ஒட்டிவிட்டேன். மோட்டாரின் வலு போதவில்லையா? மோட்டார் பொருத்தும் பலகை சற்று வலப்புறமாகவும் கீழாகவும் சாய்ந்திருந்ததைக் கவனித்து, அதை நேராக்கியும் பார்த்தேன்.
— தெஹிவளை வாசகர்

பதில்: மோட்டாரின் வலு போதும், வால் பாரமாக இருக்கிறது. நீங்கள் யாழ்ப்பாணத்தில் பட்டம் கட்டிய கைகளோடு வளர்ந்தவராக இருந்தால் இது உடனே விளங்கும். முச்சை, அதாவது பட்டத்தைப் பிடிக்கும் கயிறுகள் சேரும் முடிச்சு, ஓர் அங்குலம் பின்னால் போனால் பட்டம் என்ன செய்யும்? விமானத்துக்கு முச்சைக் கயிறு இல்லை. அதன் இடத்தில், எடை சமன்படும் புள்ளியான ஈர்ப்பு மையம் இருக்கிறது.

சிறகின் முன்விளிம்பிலிருந்து அகலத்தின் 25 முதல் 33 சதவீதத்துக்குள் ஈர்ப்பு மையம் அமைய வேண்டும். 200 மில்லிமீற்றர் அகலச் சிறகில் இது 50 மில்லிமீற்றருக்கும் 66 மில்லிமீற்றருக்கும் இடையே வரும்; முதல் பறப்புக்கு 54 மில்லிமீற்றரில் வையுங்கள். வரைபடத்தில் வேறு அளவு குறித்திருந்தால் வரைபடமே தீர்ப்பு. சிறகின் அடியில் உடலின் இருபுறமும் அந்த இடத்தில் பென்சிலால் கோடிட்டு, பற்றரி உட்பட எல்லாம் பொருத்திய நிலையில் இரு சுட்டுவிரல் நுனிகளால் அந்தக் கோட்டில் தூக்குங்கள். விமானம் மட்டமாக, அல்லது மூக்கு ஒரு நெல்மணியளவு தாழ்ந்து நிற்க வேண்டும். வால் தொங்கினால் முதலில் பற்றரியை முன்னால் தள்ளுங்கள். அதற்கும் இடமில்லையென்றால் மட்டும் மூக்கில் ஈயம் சேர்க்கலாம். மீன்பிடிச் சாமான் விற்கும் கடைகளில் தூண்டிலுக்கான ஈயக் குண்டுகள் மலிவாகக் கிடைக்கும்.

ஏன் வால் பாரமானது என்பதையும் எண்ணிப் பாருங்கள். பெரும்பாலான மாதிரிகளில் ஈர்ப்பு மையத்திலிருந்து வால் இருக்கும் தூரம், மூக்கு இருக்கும் தூரத்தைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆகவே வாலில் கூடும் 10 கிராமைச் சமன்செய்ய மூக்கில் 30 கிராம் வேண்டும். மூன்று தடவை ஒட்டியதாகச் சொல்கிறீர்கள். ஒவ்வொரு தடவையும் வாலில் எவ்வளவு எபொக்சி பூசினீர்கள்?

மோட்டார்ப் பலகை விடயத்தில் நீங்கள் செய்தது நல்ல நோக்கத்தோடு செய்த பிழை. அந்த இரண்டு மூன்று பாகைச் சாய்வு தயாரிப்பாளரின் கவனக்குறைவு அல்ல. விசிறி சுழலும்போது அதன் எதிர்விசையும், உடலைச் சுற்றிச் சுருளாகப் பாயும் காற்றும் சேர்ந்து விமானத்தை இடப்புறமாகத் திருப்பும். வேகம் கூடும்போது மூக்கும் மேலெழும். இவற்றை ஈடுசெய்யவே வலப்புறமும் கீழ்ப்புறமுமாக மோட்டாரைச் சாய்த்து வைக்கிறார்கள். பலகையைப் பழைய சாய்வுக்கே கொண்டுவாருங்கள். வாலின் கிடைப் பலகையில் மேலும் கீழும் அசையும் எலிவேற்றரின் அசைவையும் அளந்து பாருங்கள்: மேலுக்கும் கீழுக்கும் 10 மில்லிமீற்றர் போதும். கிட்டின் படத்தில் அழகாக இருக்கிறது என்று 25 மில்லிமீற்றர் அசைய விட்டிருந்தால், விரல் நடுங்கினாலே விமானம் செங்குத்தாக எழும்.

கேள்வி: காலிமுகத்திடலில் பறக்கவிடலாமா? இரத்மலானையில் வசிக்கும் நான் வீட்டுக்கு அருகிலுள்ள மைதானத்தில் பறக்கவிட்டால் என்ன?
— இரு வாசகர்கள் தனித்தனியே கேட்டது

பதில்: இரண்டுக்கும் கூடாது என்பதே பதில். காலிமுகத்திடல் பட்டத்துக்கு உரிய இடம். ஒரு கிலோ எடையும் சுழலும் விசிறியும் கொண்ட பொருளைச் சிறுவர்கள் ஓடித் திரியும் கூட்டத்தின் மேல் பறக்கவிடுவதை எந்தச் சட்டமும் இல்லாவிட்டாலும் நான் ஒப்பமாட்டேன். மேலும் அது துறைமுகத்துக்கும் அரச கட்டடங்களுக்கும் அருகில் இருக்கிறது. இரத்மலானையில் இன்றும் விமானங்கள் ஏறி இறங்கும் விமான நிலையம் உள்ளது. அதன் சுற்றுப்புறத்தில் மாதிரி விமானத்துக்கு இடமே இல்லை.

இலங்கையில் ஆளில்லாமல் பறக்கும் கருவிகள் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் கட்டுப்பாட்டிலும், அவற்றை இயக்கும் வானொலிக் கருவிகள் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் கட்டுப்பாட்டிலும் வருகின்றன. 2019 ஏப்ரல் குண்டுத் தாக்குதல்களைத் தொடர்ந்து நாடு முழுவதும் ஆளில்லா விமானங்கள் பறப்பதற்குத் தடை விதிக்கப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். விதிகள் காலத்துக்குக் காலம் மாறுவதால், பறக்கும் நாளுக்கு முன் அதிகாரசபையிடம் எழுத்தில் கேட்டு, வந்த பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மைதானத்தின் உரிமையாளரின் அனுமதியும் பக்கத்துப் பொலிஸ் நிலையத்துக்குக் கொடுத்த அறிவித்தலும் உங்கள் பையில் இருந்தால், யாராவது வந்து கேட்கும்போது குரல் நடுங்காது.

கேள்வி: எல்லாம் தயார். முதல் நாள் எதைக் கவனிக்க வேண்டும்?
— கல்லூரி மாணவர்கள் இருவர், வத்தளை

பதில்: தம்பிமாரே, என் கதையைச் சொல்லிவிட்டுப் பட்டியலுக்கு வருகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் அறுவடை முடிந்த ஒரு வயலில், இரண்டு மாதம் உழைத்துக் கட்டிய என் முதல் விமானத்தை அனுபவமுள்ள நண்பர் ஒருவர் எறிய, நான் ரிமோட்டைப் பிடித்திருந்தேன். விமானம் அழகாக எழுந்து இடப்புறம் சாய்ந்தது; நான் குச்சியை வலப்புறம் தள்ளினேன்; அது இன்னும் இடப்புறம் சாய்ந்தது; இன்னும் தள்ளினேன். நான்கே வினாடிகள். முந்தின இரவு விமானத்தின் மூக்கு என்னைப் பார்த்தபடி இருக்கச் சுக்கான்களைச் சோதித்திருந்ததால், வலது இடதாகத் தெரிந்திருக்கிறது. சோதித்தேன் என்ற நம்பிக்கைதான் சோதிக்காமல் விட்டதைவிட அதிகம் கெடுத்தது.

ஆகவே, விமானத்தின் வாலுக்குப் பின்னால் நின்றுகொண்டு சோதியுங்கள். குச்சியை உங்கள் பக்கம் இழுத்தால் எலிவேற்றர் மேலெழ வேண்டும். வலப்புறம் தள்ளினால் வாலில் நிமிர்ந்து நிற்கும் சுக்கானின் பின்விளிம்பு வலப்புறம் போக வேண்டும். சிறகின் பின்விளிம்பில் எய்லரோன் என்ற அசையும் மடல் இருந்தால் வலச் சிறகிலுள்ளது மேலெழ வேண்டும். ஒருவர் வாய்விட்டுச் சொல்ல மற்றவர் பாருங்கள். வீட்டில் இந்தச் சோதனைகளைச் செய்யும் நாட்களில் விசிறியைக் கழற்றி வையுங்கள். மைதானத்தில் எப்போதும் ரிமோட்டை முதலில் இயக்கி, பற்றரியை அதன் பின்னரே இணையுங்கள். ரிமோட்டின் அலை அறுந்தால் மோட்டார் தானாக நிற்கும்படி ரிசீவரை அமைத்து, விசிறியின்றி ரிமோட்டை அணைத்துப் பார்த்து உறுதிசெய்யுங்கள். இன்றைய 2.4 கிகாஹேர்ட்ஸ் கருவிகளில் ஒருவரின் ரிமோட் மற்றவரின் விமானத்தைக் குழப்புவது மிக அரிது. ஆயினும் ரிமோட்டில் உள்ள குறைவலுச் சோதனையை அழுத்திக்கொண்டு 30 காலடி நடந்து சென்று, சுக்கான்கள் அசைகின்றனவா என்று ஒவ்வொரு நாளும் பாருங்கள்.

காலையில் ஆறரைக்கும் எட்டுக்கும் இடையில் போங்கள். வெயில் ஏறியதும் கடற்காற்று தொடங்கிவிடும்; தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் காலையிலும் நம்ப முடியாது. காற்றை எதிர்த்து, நேராக, மட்டமாக எறிய வேண்டும். மேல்நோக்கி எறியக் கூடாது. எழுந்தவுடன் பயத்தில் தாழப் பறப்பதுதான் எல்லோரும் செய்வது. மூன்று தென்னை உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள். தவறைத் திருத்த நேரம் தருவது உயரமே. விமானம் உங்களை நோக்கி வரும்போது இடம் வலம் மாறிக் குழம்பும். அப்போது எதையும் யோசிக்காமல், எந்தச் சிறகு தாழ்கிறதோ அந்தச் சிறகுக்கு முட்டுக் கொடுப்பதுபோல் குச்சியை அந்தப் பக்கமே தள்ளுங்கள். ஆறு நிமிடத்துக்கு அலாரம் வைத்து, ஒலித்ததும் இறக்கிவிடுங்கள்.

கேள்வி: விழுந்து உடைந்தால் திருத்த முடியுமா, புதிய கிட் வாங்க வேண்டுமா?
— வெள்ளவத்தை வாசகர்

பதில்: சிறகை இறப்பர் வளையங்களால் கட்டும் வகை கிட்டாக இருந்தால், விழும்போது வளையங்கள் நழுவிச் சிறகு தனியே கழன்றுவிடும், உடைவது பெரும்பாலும் விசிறியும் மூக்கும்தான். வளையங்களை வெயில் கெடுத்துவிடுவதால் ஒவ்வொரு பறப்பு நாளுக்கும் புதியவற்றைப் போடுங்கள். விழுந்த இடத்தில் முதலில் பற்றரியைக் கழற்றித் தனியே வைத்து அரை மணிநேரம் கவனியுங்கள். அடிபட்ட லித்தியம் பற்றரி சிறிது நேரம் கழித்தும் தீப்பற்றக்கூடும். அதன் பிறகு புல்லுக்குள் கிடக்கும் மரச் சிராய்களை, தீக்குச்சியளவு துண்டையும் விடாமல், ஒரு பையில் பொறுக்கிச் சேருங்கள். பல்சா முறிந்த இடத்தில் துண்டுகள் ஒன்றுக்கொன்று அச்சொட்டாகப் பொருந்தும். முறிந்த முகங்களைத் தேய்க்காமல் அப்படியே சேர்த்து வெள்ளைப் பசையால் ஒட்டி, பக்கத்தில் ஒரு மெல்லிய பட்டையைத் துணையாக வைத்தால் பழைய உறுதி திரும்பிவிடும். நீளச் சட்டம் நடுவில் முறிந்திருந்தால் மட்டும் சாய்வாக வெட்டிப் புதிய துண்டு இணைக்க வேண்டும். முடிந்ததும் ஈர்ப்பு மையத்தை மீண்டும் விரல்களில் தூக்கிப் பாருங்கள். பூசிய பசையின் எடையால் அது நகர்ந்திருக்கும்.